டோக்கியோ சகுராவுக்கு ஒரு டிக்கெட் கணக்கு

வேலைக்காக டோக்கியோ வந்தவர்களுக்கு இது முதல் வசந்தமா? சகுரா (செர்ரிப் பூ) பார்க்கப் போகிறீர்களானால், டோக்கியோ மெட்ரோவின் 24 மணி நேர டிக்கெட்டைச் சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடாதீர்கள். முதல் கேட்டில் நுழைந்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு. மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் உவேனோ பூங்கா, இருட்டியதும் நகாமெகுரோ ஆற்றங்கரை. ஆற்றோரம் குளிரும், ஜாக்கெட் வேண்டும். மறுநாள் அதே டிக்கெட்டில் விடியற்காலை குதான்ஷிதாவில் இறங்கிச் சிதோரிகாஃபுச்சி அகழிக்கு நடங்கள். பூ உதிரும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது: தண்ணீரே தெரியாமல் இதழ்கள் பாய் விரித்துக் கிடக்கும். ஜேஆர் என்ற வேறு நிறுவனத்தின் ரயிலில் இந்த டிக்கெட் செல்லாது. அப்புறம், குப்பைத்தொட்டி கண்ணில் படுவதே அபூர்வம்; ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் தொடக்கத்தைத் தவறவிட்டீர்களா? சரி, ஷின்ஜுகு கியோஎன் பூங்காவுக்குப் போங்கள். அங்கே அடுக்கிதழ்ச் சகுரா தாமதமாகத்தான் பூக்கும்.