ஃபேண்டசி நாவலில் ஒளிந்திருக்கும் பழமொழியைப் பிடிப்பது எப்படி?

"அன்று யானை மணியோசை இல்லாமலே வந்தது, மணி பழுதுபார்க்கப் போயிருந்தது." இதைப் படித்ததும் உங்களுக்கு லேசாகச் சிரிப்பு வரும். இதையே தமிழ் தெரியாத அலுவலக நண்பரிடம் சொல்லிப் பாருங்கள், "சரி, மணி ரிப்பேர், அப்புறம்?" என்பார். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வோர்ல்ட் ஃபேண்டசி நாவல்களைப் படிக்கும்போது (மொத்தம் 41, 1983இல் தொடங்கி 2015 வரை வந்தவை) நாம் பல இடங்களில் அந்த நண்பரைப் போலத்தான் முழிக்கிறோம்.

அதனால் முதலில், சிரிப்பு வராத இடத்தில் நில்லுங்கள். கதைக்குத் தேவையே இல்லாத ஏதோ ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். 1988இல் வந்த 'விர்ட் சிஸ்டர்ஸ்' நாவலின் தொடக்கத்தில் புயல், மின்னல், கொதிக்கும் கொப்பரை. "நாம் மூவரும் மறுபடி எப்போது சந்திப்பது?" என்று ஒரு கரகரத்த குரல் கேட்கிறது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் இன்னொரு குரல், சர்வசாதாரணமாக, அடுத்த செவ்வாய்க்கிழமை தோதுப்படும் என்கிறது. கேள்வி ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தின் முதல் வரி, பதில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிற மாதிரி. பள்ளியில் அந்த நாடகத்தைப் படித்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். நான் படிக்கவில்லை, ஆகவே செவ்வாய்க்கிழமை பின்னால் ஏதோ முக்கியமாக வரப்போகிறது என்று கடைசிப் பக்கம்வரை காத்திருந்தேன்.

அடுத்தது, வாய்விட்டுப் படிப்பது. முதல் நாவலில் ஒரு சுற்றுலாப் பயணி, பொருளியல் என்ற சொல்லையே கேட்டிராத ஊருக்குள் வந்து அதைப் பற்றிப் பேசுகிறார். ஊர்க்காரர்கள் அதை 'நிலத்தடி ஆவிகளின் எதிரொலி' என்கிற மாதிரிப் புரிந்துகொள்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரயில் சிங்கப்பூரின் ஈசூனில் நின்றபோது முணுமுணுத்துப் பார்த்தேன்: எதிரொலி என்றால் எக்கோ, நிலத்தடிக் குள்ளப் பூதம் என்றால் நோம்... எக்கோ, நோம், எக்கோ-நோமிக்ஸ்! கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, எதிரே தூங்கிக்கொண்டிருந்த அங்கிள் கண் விழித்துப் பார்த்தார்.

பழமொழிகளைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. சந்தேகமான வாக்கியத்தில் வேடிக்கையான சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வழக்கமாக எது வரும் என்று யோசியுங்கள். 'ஜிங்கோ' நாவலில், ஒருவனுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்தால் ஒரு நாள் குளிர்காய்வான், அவனையே கொளுத்திவிட்டால் ஆயுள் முழுக்கக் குளிர்காய்வான் என்று வருகிறது. நெருப்பை எடுத்துவிட்டு மீனை வையுங்கள், மீனைக் கொடுத்தால் ஒரு நாள் சாப்பாடு, மீன்பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் ஆயுளுக்கும் சாப்பாடு என்ற பழமொழி வந்துவிட்டதா? இன்னும் பிரமாதம் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!'. கதைகளில் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்றால் அது பலித்தே தீரும் அல்லவா, அதை அப்படியே நம்பும் காவலர்கள், டிராகன்மேல் அம்பு விடுமுன் வாய்ப்பு சரியாகப் பத்து லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டு, குறி தவறட்டும் என்பதற்காகவே வில்லாளியின் முகத்தில் கரி பூசி, ஒற்றைக் காலில் நிறுத்தி, பாட வைக்கிறார்கள்.

நம் சரக்கையும் மறந்துவிடாதீர்கள். இந்த நாவல்கள் நடக்கும் டிஸ்க்வோர்ல்ட் என்ற தட்டையான உலகம் நான்கு யானைகள்மேல் இருக்கிறது, யானைகள் ஓர் ஆமைமேல் நிற்கின்றன. 'வாரணம் பொருத மார்பும்' என்று கம்பன் இராவணனைப் பாடும்போது அவன் மோதியதும் உலகைத் தாங்கும் திக்கு யானைகளோடுதான், நம் கணக்கில் எட்டு. ஆமைக்குக் கூர்மம் இருக்கிறது. இந்த இடத்தில் ஆங்கில வாசகரைவிட நாம் ஒரு படி முன்னால்.

ஆனால் இங்கேதான் சறுக்கவும் செய்வோம். கிணற்றுத் தவளை நம்மிடம் இருக்கிறது, சீனர்களிடமும் அதே கிணறு, அதே தவளை. மலாயில் அது தேங்காய்ச் சிரட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். சிங்கப்பூரில் மூன்றையும் கேட்டு வளர்ந்தவருக்கு எந்தத் தவளையைப் பார்த்தாலும் சொந்தத் தவளையாகத்தான் தெரியும். ஒரே ஒரு சொல் ஒத்துப்போனால் விட்டுவிடுங்கள். வாக்கியத்தின் நடையும் சேர்ந்து ஒத்துப்போனால் மட்டும் தேடிப் போங்கள்.

எங்கே தேடுவது? 1870இல் முதலில் வந்த புரூவரின் சொற்றொடர், கட்டுக்கதை அகராதி இதற்கென்றே பிறந்தது மாதிரி. அதன் மில்லேனியம் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரே பிராட்செட்தான்.

நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடாதீர்கள், ஒட்டுத்தாள் போதும். இரவல் தவணை 21 நாள். போன தடவை அதற்குள் கண்டுபிடிக்க முடியாத ஏழு இடங்களில் மஞ்சள் தாளை அப்படியே விட்டுத் திருப்பிப் போட்டுவிட்டேன். அடுத்து எடுத்தவருக்கு விடை தெரிந்தால் தாளிலேயே எழுதி வைக்கட்டும், நான் மறுபடி எடுக்கத்தான் போகிறேன்.