குளிர் கம்மியான வருஷம்: தைப்பட்டம் விதையை எப்ப போடறது?

மார்கழி பாதி தாண்டியாச்சு, எங்க காவேரிப்பட்டணத்துல (கிருஷ்ணகிரி மாவட்டம்) இன்னும் யாரும் ஸ்வெட்டர் எடுக்கல. இந்த மாதிரி வருஷத்துல வீட்டுத்தோட்டம் போடறவங்க பண்றது என்னன்னா வெண்டை, சொரை, பீர்க்கன், தக்காளின்னு கையில இருக்கற பாக்கெட்டை எல்லாம் பிரிச்சு ஒரே நாள்ல போட்டுடறாங்க. அப்படி போடாதீங்க. அவசரப்பட வேண்டியது தக்காளிக்கு, வெண்டைக்கு பொறுமையா இருக்கலாம். ஏன்னு சொல்றேன். மண் கொத்தறது, தொழுவுரம் கலக்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

ஸ்டெப் 1: மண்ணோட சூட்டை பாருங்க

நிறைய பேர் தடுமாறுறது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். மத்தியானம் மண்ணுல கை வெச்சா சுடும், அத நம்பக்கூடாது. விதைக்கு முக்கியம் விடியக்காலை சூடு. சூரியன் வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு இஞ்ச் ஆழத்துல தெர்மாமீட்டரை குத்தி ஒரு நிமிஷம் விட்டுட்டு பாருங்க. காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர் இதுக்கு ஆகாது, அதுல இவ்ளோ கம்மியான சூடு காட்டாது. சமையலுக்கு விக்கறாங்களே, நீளமா கம்பி வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர், அதான் என் சாய்ஸ். கண்ணாடி வேண்டவே வேண்டாம், நம்ம செம்மண்ணுல ஒரு கல்லு பட்டா போச்சு.

ஒரு நாள் பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க, தொடர்ந்து நாலஞ்சு நாள் பாக்கணும். அதுலயும் ராத்திரி வானம் எப்படி இருந்துச்சுன்னு சேத்து கவனிங்க, எனக்கு இது பிடிபடவே ரொம்ப காலம் ஆச்சு. வங்கக்கடல்ல காத்தழுத்தத் தாழ்வு வந்து நமக்கு மேல மேகம் மூடிட்டா, பகல்ல மண்ணு வாங்கின சூடு ராத்திரி வெளிய போக முடியாம நின்னுடும், விடியக்காலை கதகதன்னு இருக்கும், குளிர் போயிடுச்சுன்னு தோணும். மேகம் கலைஞ்சு நட்சத்திரம் பளிச்னு தெரியற முதல் ராத்திரியே சூடு சர்ருனு இறங்கிடும், காலையில இலையெல்லாம் பனி சொட்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல, மார்கழி மிதமா போச்சுன்னா தையும் அப்படியே போகும்னு கேரண்டி கிடையாது. அதனால வானம் தெளிவா இருக்கற ராத்திரிக்கு அடுத்த காலை என்ன காட்டுதோ, அந்த நம்பரைத்தான் கணக்குல எடுக்கணும்.

ஸ்டெப் 2: எது முதல்ல

அந்த தெளிவான காலையில 18 டிகிரி நிலையா நின்னா தக்காளி நாத்து விடலாம். வெண்டை, மிளகாய், கத்தரி, கொடிக்காய்க்கெல்லாம் 20 தாண்டட்டும். குளிர்ந்த ஈர மண்ணுல வெண்டை விதை முளைக்காம ஊறிக்கிட்டே கிடந்து அழுகிடும், தோண்டி எடுத்து நசுக்கி பாருங்க, உள்ள பழுப்பா கூழா இருக்கும்.

தக்காளிக்கு ஏன் அவசரம்னா, அதுக்கு பிரச்சனை குளிர் இல்ல, பின்னாடி வர்ற வெயில். நாத்துல 25 நாள், நட்டதுல இருந்து பூ வர கிட்டத்தட்ட ஒரு மாசம். தை கடைசியில விதைச்சீங்கன்னா பூக்கறதுக்குள்ள பங்குனி பாதி தாண்டிடும், பகல் 35 டிகிரிக்கு மேல போக ஆரம்பிச்சா பூ பிஞ்சு பிடிக்காம கொட்டிடும். மார்கழி கடைசியிலயே நாத்து விட்டா மாசி கடைசியில பூ, வெயில் ஏறறதுக்குள்ள பிஞ்சு பிடிச்சிடும். குளிர் கம்மியான வருஷம் நமக்கு குடுக்கற பெரிய லாபமே இந்த ரெண்டு மூணு வாரம்தான். வெண்டைக்கு இந்த கவலையே இல்ல, அது வெயில்லயும் காய்க்கும், தை கடைசி, மாசின்னு நிதானமா போடுங்க.

ஸ்டெப் 3: சாம்பிள்

பத்து விதையை ஈரத்துணியில முடிஞ்சு, நடப்போற இடத்துலயே ஒரு சட்டியில மூடி வைங்க. அடுப்படியில வெச்சா எல்லாமே முளைக்கும், அதுல ஒண்ணும் தெரியாது. வெண்டை ஒரு வாரத்துல ஏழெட்டாவது முளை விடலன்னா இன்னும் பொறுங்க (பழைய விதையாவும் இருக்கலாம், அதே பாக்கெட்டுல இன்னும் பத்தை வீட்டுக்குள்ளயும் வெச்சு பாத்தா தெரிஞ்சிடும்).

ஸ்டெப் 4: நாத்து

98 குழி ட்ரே, தென்னை நார்க்கழிவு, சூடோமோனாஸ் (நாத்து அழுகலைத் தடுக்கற நல்ல பாக்டீரியா பொடி) ஒரு சிட்டிகை விதையில பெரட்டிக்கங்க, அவ்ளோதான். தண்ணி காலையில மட்டும். சாயங்காலம் ஊத்தினா பனியும் சேந்து நாத்து தண்டு அடியில நூல் மாதிரி இளைச்சு சாஞ்சிடும்.

ஒண்ணு மட்டும் விட்றாதீங்க, வலை. குளிர் இல்லாத வருஷத்துல வெள்ளை ஈ குறையாம அப்படியே இருக்கும், அதுதான் தக்காளிக்கு இலை சுருட்டு வைரஸை கொண்டு வரும், நாத்துலயே வந்துட்டா செடிய பிடுங்கறத தவிர வழியில்ல. கொசுவலை போதாது, ஓட்டை பெருசு. 40 மெஷ், இல்லன்னா 50 மெஷ் (ஒரு இஞ்ச்சுக்கு அத்தனை ஓட்டை) நைலான் வலை கேட்டு வாங்குங்க. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி பயிர் பண்றவங்க போற கடையில கிடைக்கும்.

அப்டேட்: ஓசூர்ல இருந்து ஒருத்தங்க, இதே தேதிக்கு போட்டு முளைக்கலன்னு எழுதியிருந்தாங்க. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதுல பாதிதான், ரெண்டுக்கும் ஒரே தேதி ஒத்து வராது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை ஆளுங்க தேதிய விட்டுட்டு தெர்மாமீட்டரை மட்டும் பாருங்க, அதுவரைக்கும் பீன்ஸ், பீட்ரூட், முள்ளங்கி போட்டுக்கலாம். தர்மபுரியில ஒருத்தங்க மாடியில குரோ பேக் வெச்சிருக்காங்க, தரை மண்ணுல குத்தி பாத்துட்டு பையில விதைச்சிட்டாங்க. பையில மண்ணு கொஞ்சம்தான், ராத்திரி தரையை விட வேகமா ஆறிடும், அதனால விதைக்கற பையிலயே குத்தி பாக்கணும், அதுவும் நடுவுல இல்ல, ஓரத்துல.