பழைய பைக் இன்ஜினைப் பிரிக்கும் முன்: மேனுவல் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் தார்ப்பாய்க்கு அடியில் உறங்கும் பழைய புல்லட், ஜாவா வண்டிகள் இன்னும் இருக்கின்றன. பெரியப்பா எஸ்டேட் வேலைக்கு ஓட்டியது, அப்பா கல்யாணத்துக்கு முன் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அதை மறுபடி ஓட வைக்க நினைப்பவர் முதலில் மேனுவல் தேடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பொருந்தாத மேனுவல், மேனுவலே இல்லாததைவிட ஆபத்தானது. கையில் புத்தகம் இல்லாவிட்டால் நாலு பேரைக் கேட்டுச் செய்வோம். இருந்தால் அதையே நம்பிவிடுவோம்.

வண்டியின் பெயரைப் பார்த்து வாங்குவதுதான் பெரிய தவறு. 350 சிசி புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955 முதல் சென்னையில் உருவான காஸ்ட் அயர்ன் இன்ஜினில் கியர்பாக்ஸ் தனி. பின்னால் வந்த யுசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) இன்ஜினில் இரண்டும் ஒரே கூடு, வால்வைத் தள்ளும் டாப்பெட்டும் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். ஒன்றுக்கு எழுதிய டாப்பெட் அத்தியாயம் மற்றதற்கு உதவாது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் செய்த பழைய புல்லட்டுக்கும் நம் ஊர் காஸ்ட் அயர்ன் வண்டிக்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ. என்பது பொது. ஆனால் அங்கே ஆரம்ப கால வண்டிகளில் பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோ, இங்கே பின்னாளில் வந்தவற்றில் பேட்டரியும் காயிலும். இக்னிஷன் பக்கங்களை அப்படியே பின்பற்றினால் குழம்பிப் போவீர்கள்.

அதனால் கடைக்குப் போகும் முன் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்துப் படியுங்கள். ஆர்சி புக்கை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனையோ கை மாறிய வண்டியில் இன்ஜினும் மாறியிருக்கலாம்.

வண்டியோடு கொடுக்கும் ஓட்டுநர் கையேட்டை ஒர்க்‌ஷாப் மேனுவல் என்று நினைத்து வாங்குபவர்களும் உண்டு. செயின் இறுக்குவது, ஆயில் மாற்றுவது எல்லாம் அதில் இருக்கும். ஆனால் சிலிண்டர் எவ்வளவு தேய்ந்தால் போர் அடிக்க (உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும், ரிங் இடைவெளி எவ்வளவு என்ற அட்டவணை இருக்காது. வாங்கும்போது முதலில் அந்த அட்டவணையைத் தேடுங்கள். முடிந்தால் பார்ட்ஸ் கேட்டலாக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்ற சந்தேகத்தை அதிலுள்ள பிரித்துக் காட்டும் படம் ஒரு நொடியில் தீர்த்துவிடும்.

அளவைகளில் ஏமாறுவது எளிது. என் நண்பர் ஒருவர் ஆங்கிலேய மேனுவலில் அடி-பவுண்டில் இருந்த எண்ணை நியூட்டன் மீட்டர் டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு முடுக்கும் கருவி) அப்படியே வைத்து ஹெட் நட்டுகளை முடுக்கினார். 20 அடி-பவுண்டு என்றால் 27 நியூட்டன் மீட்டர். ஏறக்குறைய கால் பங்கு இறுக்கம் குறைந்துபோனது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி வருவதற்குள் ஹெட் கேஸ்கெட் ஒழுகியது. எனக்கு அன்று மனசே கேட்கவில்லை, அவ்வளவு பொறுமையாகச் செய்த வேலை அது. நட்டுகளும் அப்படித்தான்: ஆங்கிலேய மரைகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் முனை மழுங்கும். தெளிவில்லாத ஜெராக்ஸில் 3 எது, 8 எது என்று தெரியாமல் போவதும் இதே கணக்குதான்.

ஜாவா 250-க்குப் புத்தகம் பார்த்தால், கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். அது அழுத்திப் பொருத்திய கிராங்க், ஸ்பானரால் பிரியாது. பிரஸ்ஸும் டயல் கேஜும் உள்ள லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். நேராக்கும் அளவைச் சொல்லாத மேனுவலால் பட்டறைக்காரருக்குப் பயனில்லை. கியர் லீவரே கிளட்சையும் விடுவிக்கும் அமைப்பு அந்த வண்டியில் உண்டு. அதைச் சரிசெய்யும் முறையும் இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், நம் மலைக்கே உரிய ஒன்று. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டுக்கு மேனுவல் தரும் எண் பொதுவாகச் சமவெளிக் காற்றுக்கானது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். அதே ஜெட்டில் பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கரி பிடிக்கும், இழுவை குறையும். இன்ஜின் வேலை சரியில்லையோ என்று மறுபடி பிரித்துவிடாதீர்கள். சின்ன ஜெட் போட்டுப் பாருங்கள். உயரத்துக்கு ஏற்ற ஜெட் குறிப்பு உள்ள மேனுவல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்கலாம். ஆனால் அந்தச் சின்ன ஜெட்டோடு கோவைக்கு இறங்கி முழு வேகத்தில் ஓட்டினால், முக்கியமாக டூ-ஸ்ட்ரோக் வண்டியில், பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும். மேலே எந்த ஜெட், கீழே எந்த ஜெட் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள்.