கரடியை நெருக்கத்தில் படமெடுப்பது எப்படி? புரூக்ஸ் அருவிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் கோத்தகிரி தேயிலைத் தோட்டத்துக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரடி தேடிப் போய்விடாதீர்கள். நம்மூர்க் கரடி வேறு ரகம். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய பிராணி, திடீரென்று ஆளை எதிரில் பார்த்தால் பல சமயம் ஓடாது, பாயும். அதைப் பார்க்க ஆசை இருந்தால் ஹம்பிக்குப் பக்கத்தில் தரோஜி சரணாலயம் இருக்கிறது, அங்கே கண்காணிப்புக் கோபுரத்தில் உட்கார்ந்து தூரத்துப் பாறையைப் பார்க்கலாம். அதற்கு மேல் நெருங்க நினைக்காதீர்கள்.

நான் எழுதப்போவது அலாஸ்காவின் கட்மை தேசியப் பூங்காவில் இருக்கும் புரூக்ஸ் அருவியைப் பற்றி. அருவி என்றதும் குற்றாலம் அளவுக்குக் கற்பனை செய்யாதீர்கள், உயரம் 6 அடிதான், ஆனால் ஜூலையில் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து வரும் சாக்கை சால்மன் மீன்கள் அதைத் தாண்டிக் குதிக்கும்போது, மேலேயும் கீழேயும் பழுப்புக் கரடிகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஒரே பார்வையில் பத்துப் பதினைந்து கரடிகள். உலகத்தில் ஒரு தொடக்கநிலைக்காரர் கரடியை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பாதுகாப்பாக எடுக்கக்கூடிய இடம் ரொம்பக் குறைவு.

காரணம் எளிது. மீன் ஏராளம், அதனால் கரடிக்கு மனிதனைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. அப்புறம், அங்கே மனிதர்கள் வருடக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கிறார்கள், ஒரே பாதையில் நடக்கிறார்கள், சாப்பாடு எதையும் வெளியே எடுப்பதில்லை. இவர்கள் இன்னதுதான் செய்வார்கள் என்று கரடிக்குத் தெரியும். பக்கத்தில் வருவதா வேண்டாமா என்பதை அதுதான் முடிவு செய்யும். சிவபூசையில் கரடி புகுந்த மாதிரி என்போமே, இங்கே பூசை நடத்துவது கரடி, நடுவில் புகுகிற ஆள் நாம்.

படி 1: எப்போது, எப்படிப் போவது

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முடியும்வரை அருவியில் கூட்டம் (கரடிக் கூட்டத்தைச் சொல்கிறேன்). ஆகஸ்டில் பெரும்பாலான கரடிகள் வேறு ஓடைகளுக்குப் போய்விடும், விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று ஆகஸ்ட் நடுவில் போய் வெறும் தண்ணீரைப் படமெடுத்துத் திரும்பியவர்கள் உண்டு. செப்டம்பரில் திரும்பி வரும், ஆனால் அருவியில் அவ்வளவாக நிற்காது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் முட்டையிட்டுச் செத்து மிதக்கும் மீனைப் பொறுக்கித் தின்னும். குண்டான கரடி வேண்டுமென்றால் செப்டம்பர், மீன் பிடிக்கிற கரடி வேண்டுமென்றால் ஜூலை.

ஆங்கரேஜிலிருந்து கிங் சால்மன் என்ற சிற்றூருக்கு விமானம், அங்கிருந்து தண்ணீரில் இறங்கும் சின்ன மிதவை விமானம். சாலை கிடையாது. ஏறுவதற்கு முன் பையோடு சேர்த்து நம்மையும் எடை போடுவார்கள், அதனால் மூன்று லென்ஸ், இரண்டு கேமரா, பெரிய முக்காலி என்று கனவு காணாதீர்கள்.

காலையில் போய் மாலையில் திரும்புவதைவிட ஒரு இரவாவது தங்கப் பாருங்கள். ஒருநாள் பயணிகள் மாலையில் கிளம்பியதும் அருவியோரம் கரடி பார்க்கக் கட்டியிருக்கும் மேடை காலியாகிவிடும், ஜூலையில் இரவு 10 மணிக்குக்கூட அங்கே வெளிச்சம் இருக்கும். தங்கும் விடுதியும் மின்வேலி போட்ட கூடாரத் திடலும் உண்டு. இரண்டுக்கும் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

படி 2: கரடிப் பள்ளிக்கூடம்

இறங்கியதும் எல்லோரும் ரேஞ்சர் நடத்தும் வகுப்பில் உட்கார வேண்டும், முடித்தால்தான் வெளியே விடுவார்கள். ஐந்தாவது தடவை வந்தவரும் உட்கார வேண்டும். அதில் சொல்வதை இங்கே முழுக்க ஒப்பிக்கப் போவதில்லை, படமெடுப்பவர்கள் கோட்டை விடுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கரடிக்கும் உங்களுக்கும் 50 கஜம் இடைவெளி. கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், இரண்டு பிட்சை நீளவாக்கில் போட்டு இன்னும் ஆறேழு எட்டு வைத்தால் அந்தத் தூரம். மேடையில் நிற்கும்போது மட்டும் இதற்கு விலக்கு. இந்தத் தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழகுங்கள், ஏனென்றால் கேமரா வழியாகப் பார்க்கும்போது தூரமே தெரியாது. 400 மி.மீ. லென்ஸில் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும், அகலமாகக் காட்டும் வைட் லென்ஸிலோ மூக்கு நுனியில் நிற்கும் கரடியும் எங்கேயோ நிற்பதுபோல இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

அடுத்தது சாப்பாடு. தண்ணீர் தவிர எதையும் பாதையிலோ மேடையிலோ கொண்டுபோகக் கூடாது. பற்பசையைக்கூடப் பாதுகாப்பு அறையில் வைத்துவிட வேண்டும். நான் எல்லாம் வைத்துவிட்டேன் என்ற தெம்பில் பாதி வழி நடந்து, லென்ஸ் துடைக்கும் துணிக்காகப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன், ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய் ஒரு பாக்கெட், பிரித்த நிலையில். அம்மா வைத்தது என்று கரடியிடம் சொல்ல முடியுமா? திரும்ப நடந்துபோய் வைத்துவிட்டு வந்தேன், காலை வெளிச்சம் போயே போய்விட்டது. ஆகவே கிளம்பும் முன்பே எல்லா ஜிப்பையும் திறந்து பாருங்கள். பையையும் எங்கேயும் தனியே விட்டுவைக்காதீர்கள், இளங்கரடிகளுக்கு எதையும் கடித்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

படி 3: பாதையில் நடப்பது

அருவி மேடைக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதில் ஒரு பகுதி அடர்ந்த காடு. சத்தம் போட்டுக்கொண்டே நடங்கள். இங்கிலீஷில்தான் கத்த வேண்டும் என்பதில்லை, நானும் நண்பனும் வழிநெடுக வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு போனோம், வேலை செய்தது.

எதிரில் கரடி வந்துவிட்டால் ஓடக் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய பிராணி அது. சேர்ந்து நில்லுங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள், பாதையை விட்டு மெதுவாக விலகி அதற்கு வழி விடுங்கள். வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டால் அது தூக்கம் என்று நினைக்காதீர்கள், பல சமயம் பதற்றம். எச்சில் வழிவது, தாடையைப் பட்பட்டென்று அடிப்பது, புஸ் என்று மூச்சு விடுவது எல்லாமே ‘நீ அதிகமாக நெருங்கிவிட்டாய்’ என்பதற்கு அடையாளம். மரத்தின் மேல் குட்டி தெரிந்தால் அந்த மரத்தடியில் நிற்கவே கூடாது, தாய் மீன் பிடிக்கப் போயிருக்கும், திரும்பி வரும்.

அந்த நேரத்தில் கேமராவைத் தொடாதீர்கள். கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2012-ல் அலாஸ்காவிலேயே இருக்கும் டெனாலி பூங்காவில் தனியாக நடந்துபோன ஒருவர் கரடி ஒன்றைச் சுமார் 50 கஜத்தில் கண்டு ஏழு நிமிடத்துக்கு மேல் படமெடுத்துக்கொண்டே நின்றார், அந்தக் கரடியே அவரைக் கொன்றது. நிமிடக் கணக்கு அவருடைய கேமராவிலிருந்துதான் தெரிய வந்தது. அனுபவம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். அலாஸ்காக் கரடிகளைப் பல ஆண்டுகள் படமெடுத்த ஜப்பானியப் புகைப்படக்காரர் மிச்சியோ ஹோஷினோ 1996-ல் ரஷ்யாவின் கம்சட்காவில் கூடாரத்தில் இருந்தபோது கரடியால் இறந்தார்.

எங்களுக்கு ஒரு தாயும் இரண்டு குட்டியும் எதிர்ப்பட்டன. மரங்களுக்குள் ஒதுங்கினோம். கடந்து போகும்போது முதலில் வந்தது வாடை, மீன் சந்தையும் நனைந்த நாயும் சேர்ந்த மாதிரி. அப்புறம் மூச்சுச் சத்தம். தாய் எங்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பின்னால் வந்த குட்டிதான் நின்று முறைத்துவிட்டு ஓடியது. படம் இல்லை. பரவாயில்லை.

படி 4: மேடையில் இடம்

அருவி மேடையில் ஒரே நேரத்தில் 40 பேர்தான். கூட்டம் அதிகமானால் பெயரை எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டும், உள்ளே போனாலும் ஒரு மணி நேரம்தான். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு மேடைக்குப் போங்கள், அங்கே தாயும் குட்டிகளும் அதிகம் வரும், பலர் அதை மதிப்பதே இல்லை.

முக்காலியை விரிக்க இடம் இருக்காது, மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) போதும். பலகைத் தரை என்பதால் ஒருவர் நடந்தால் எல்லோருடைய கேமராவும் ஆடும். மேடை உயரத்தில் இருப்பதால் கீழே நேராக நிற்கும் கரடியை எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். என் முதல் நாள் படங்கள் முந்நூறும் முதுகு. தள்ளி நிற்கும் கரடியை நீண்ட லென்ஸில் எடுங்கள், தூரம் கூடக்கூட கோணம் தாழ்ந்து முகம் கிடைக்கும். 100-400 மாதிரி ஒரு ஜூம் இந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

இடம் கிடைத்தால் அசையாதீர்கள். ஓட்டிஸ் என்று ஒரு கரடி இருந்தது, எண் 480. பூங்கா நடத்தும் குண்டுக்கரடிப் போட்டியில் 2014, 2016, 2017, 2021 என நான்கு முறை ஜெயித்தது. மற்றவை அடித்துக்கொண்டபோது அது ஒரே மூலையில் மணிக்கணக்காக உட்கார்ந்து தன்னைத் தேடி வந்த மீனை அமுக்கியது. நல்ல படத்தோடு திரும்புகிறவர்களும் இந்த ஓட்டிஸ் சாதிதான்.

படி 5: மீன் வாய்க்குள் போகும் அந்தப் படம்

எல்லோருக்கும் வேண்டியது இதுதான். அருவியின் விளிம்பில் நிற்கும் ஒரு கரடியைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. மீனைப் பார்த்துவிட்டு அமுக்கினால் முடிந்தது கதை, நம் விரல் அசைவதற்குள் மீன் தாண்டியிருக்கும் அல்லது வயிற்றில் இருக்கும். மீனைப் பார்க்காதீர்கள், கரடியைப் பாருங்கள். தண்ணீர் நாலு காலையும் சுற்றிப் பிளந்து ஓட, தலையைத் தொங்கப் போட்டுச் சிலைபோல நிற்கும், பிறகு கழுத்து கொஞ்சம் நீளும், காது முன்னால் திரும்பும், கீழுதடு தொங்கும். அப்போதே பர்ஸ்டில் (சரமாரியாகப் படம் எடுக்கும் முறையில்) அமுக்க ஆரம்பித்துவிடுங்கள். அமுக்குவதற்கு முந்தைய நொடியையும் சேர்த்துப் பதியும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை இங்கே போடுங்கள்.

ஃபோகஸ் கரடியின் முகத்தில் இருக்கட்டும், மீனைத் துரத்தினால் கேமரா நுரையைப் பிடித்துக்கொள்ளும். ஷட்டர் ஸ்பீடு குறைந்தது 1/1000 நொடி, முடிந்தால் 1/2000. நான் 1/320-ல் எடுத்ததில் கரடி கூர்மை, மீன் மட்டும் வெள்ளிக்கோடு. அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6-லிருந்து 8 வரை, மீனும் வாயும் ஒரே தளத்தில் இருக்காது. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200 போனாலும் பயப்படாதீர்கள், புள்ளிப் புள்ளியாக இருக்கும் படத்தைச் சரிசெய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

தொடக்கநிலைக்காரர்களைக் குழப்புவது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது. கரடி நனைந்த கரும்பழுப்பு, பின்னால் வெள்ளை நுரை. கரடி ஃப்ரேமை நிரப்பினால் கேமரா இருட்டு என்று நினைத்து நுரையை வெளிற அடிக்கும், கரடி சிறியதாக இருந்தால் நுரையைப் பார்த்துப் பயந்து கரடியைக் கரிக்கட்டை ஆக்கும். அதனால் எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவலுக்கு மாறுங்கள். நுரையை மட்டும் ஒரு படம் எடுத்து, திரையில் வெளிறிய இடத்தைக் காட்டும் எச்சரிக்கை லேசாக மினுக்கும் அளவுக்கு வைத்துவிட்டு அப்படியே விடுங்கள், மேகம் மாறினால் மட்டும் தொடுங்கள். மேகமூட்டமான நாள்தான் உங்கள் நண்பன், வெயிலில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும்.

மீன் பிடித்ததோடு கேமராவை இறக்கிவிடாதீர்கள். பிடித்த மீனைக் கரடி ஒரு முன்காலால் அமுக்கி, பல்லால் தோலைக் கவ்வி, வாழைப்பழம் உரிப்பதுபோல ஒரே இழுப்பில் உரிக்கும். மீன் நிறையக் கிடைக்கும் நாளில் கொழுப்புள்ள தோலையும் மூளையையும் முட்டையையும் மட்டும் தின்றுவிட்டு மீதியைத் தண்ணீரில் விட்டுவிடும், நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் கேக்கின் மேல் க்ரீமை மட்டும் நக்குவது மாதிரி. கீழே கடற்காகங்கள் அதற்காகவே காத்திருக்கும். அந்தத் தோலுரிக்கும் படத்தை மேடையில் பாதிப் பேர் எடுப்பதில்லை, திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படி 6: மழை, பாலம், விமானம்

மழை வரும். கேமராவுக்கு உறை, துடைக்க நாலு துணி, உதிரி பேட்டரி சட்டைக்குள். சூடான விடுதிக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோனால் லென்ஸ் மூடுபனி போட்டுக்கொள்ளும், பைக்குள் மூடி வைத்தே கொண்டுபோங்கள்.

திரும்பும்போது நேரத்தைத் தாராளமாக வையுங்கள். ஆற்றின் மேல் 2019-ல் உயரமான பாலம் கட்டினார்கள், அதற்குப் போகும் பாதையில் ஒரு கரடி படுத்துவிட்டால் அது எழுந்து போகிறவரை ரேஞ்சர் எல்லோரையும் நிறுத்திவைப்பார். விமானத்துக்கு நேரமாகிறது என்று நாம் கரடியாகக் கத்தினாலும் அசையமாட்டார். நாங்கள் நின்றது ஒரு மணி நேரத்துக்கு மேல். கரடி நடு வழியில் மல்லாந்து படுத்துத் தொப்பையைச் சொறிந்துகொண்டிருந்தது.

இரவு தங்குகிறவர்களுக்கு ஒன்று பாக்கி. சாப்பிட்டு முடித்ததும் படுக்காமல் திரும்ப மேடைக்குப் போங்கள், 10 மணிக்குத்தான் மூடுவார்கள். அந்த நேரம் பத்துப் பேர் இருந்தாலே அதிகம், முக்காலிக்கும் அநேகமாக இடம் இருக்கும், ரேஞ்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு விரியுங்கள். ஐ.எஸ்.ஓ.வைக் கீழே இறக்கி, ஷட்டரை 1/8 நொடிக்குக் கொண்டுவந்து, விளிம்பில் அசையாமல் நிற்கும் கரடியை எடுங்கள். தண்ணீர் பால்போல ஓடும், கரடி மட்டும் ரோமம் ரோமமாக நிற்கும். இருபது எடுத்தால் பதினெட்டில் தலையை ஆட்டியிருக்கும்.