ஓம்பட்ஸ்மனிடம் போவதற்கு முன்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு, கீழே இருப்பவர் எடுத்த முடிவை மேலே ஒருவருக்கு மனுப் போட்டு மாற்றிவிடலாம் என்று. அந்த 'மேலே ஒருவர்' என்று பலர் நினைப்பது ஓம்பட்ஸ்மனை, அதாவது கவுன்சில் (உள்ளூராட்சி) மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியை. பிள்ளைப் பாதுகாப்பு விஷயத்தில் அது நடக்காது, மாதக்கணக்கில் அலைவதுதான் மிச்சம்.

பிள்ளையின் கையில் தழும்பைப் பார்த்து டீச்சர் கேட்க, அது "அப்பா அடித்தார்" என்று சொல்லிவிடுகிறது. அன்று மாலையே கவுன்சிலின் சோஷியல் வொர்க்கர் வாசலில் நிற்கலாம். இது 1989 சிறுவர் சட்டத்தின் 47ஆம் பிரிவு விசாரணை. அதற்கப்புறம் கவுன்சில், போலீஸ், பள்ளி, நர்ஸ் எல்லோரும் கூடி, பிள்ளையைப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ப்பதா என்று பேசுவார்கள்.

அந்த முடிவு அநியாயம் என்று ஓம்பட்ஸ்மனிடம் போனால், முடிவெடுத்த விதத்தில் பிழை உண்டா என்று மட்டும்தான் பார்ப்பார். விதம் ஒழுங்காக இருந்தால் முடிவில் கை வைக்க மாட்டார். போலீஸ் செய்தது அவர் எல்லைக்குள் வராது. விஷயம் கோர்ட்டுக்குப் போய்விட்டால், கவுன்சில் அறிக்கையில் பொய் இருக்கிறது என்றாலும் நீதிபதியிடம்தான் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பராமரிப்பில் எடுக்கக் கவுன்சில் வழக்குப் போட்டால் பெற்றோருக்கு வருமானம் பார்க்காமலே சட்ட உதவி உண்டு, வக்கீலுக்காகக் கடன் வாங்காதீர்கள்.

ஒரு அக்காவுக்குத் துணையாக இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனேன். அறிக்கை முதல் நாள் இரவுதான் வந்தது, முழுக்க ஆங்கிலம், மொழிபெயர்ப்பாளர் போனில், பாதி கேட்கவில்லை. அக்கா நாலு பக்கம் அழுது எழுதி வைத்திருந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு அறிக்கை வந்த தேதி, நேரம், மொழிபெயர்ப்புப் பிரச்சினை என்று முறைப்பாட்டை மூன்றே வரியில் எழுதினோம். ஓம்பட்ஸ்மன் பார்க்கக்கூடியது இந்த மாதிரி விஷயங்களைத்தான். பிழை என்று கண்டால் மன்னிப்புக் கேட்கச் சொல்வார், ஒரு சிறு தொகை கொடுக்கச் சொல்வார், பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்ல அவரால் ஆகாது.

சரி, முதலில் கவுன்சிலிடமே முறைப்பாடு கொடுத்து அது முடிய வேண்டும். பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் ஓம்பட்ஸ்மனிடம் போய்விடுங்கள், கட்டணம் கிடையாது. உங்கள் ஃபைல் நகலைக் கவுன்சிலிடம் எழுதிக் கேளுங்கள், அதுவும் இலவசம், வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். தனியாகத் தடுமாறாமல் ஃபேமிலி ரைட்ஸ் குரூப் என்ற, பெற்றோருக்கு உதவும் தொண்டு நிறுவனத்தின் இலவச ஆலோசனை லைனுக்கு அடியுங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸில் ஓம்பட்ஸ்மன் வேறு.

ஒன்று, முறைப்பாடு போட்டாயிற்று என்று சோஷியல் வொர்க்கருக்குக் கதவைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். முறைப்பாடு ஒரு பக்கம் போகும், விசாரணை அதன் பாட்டுக்கு நடக்கும், ஒத்துழைக்கவில்லை என்று ஃபைலில் ஏறிவிடும்.