கறுவாவில் நாம் விடும் பிழைகள்

கொழும்பு 7ஐ இன்றும் கறுவாத் தோட்டம் என்றே அழைக்கிறோம். ஆனால் அந்த மண்ணில் வளர்ந்த மரத்தின் பட்டையும், வெளிநாட்டுக் கடைகளில் ‘சினமன்’ என்ற பெயரில் விற்கப்படும் பட்டையும் பெரும்பாலும் வெவ்வேறு மரங்களுடையவை. கறுவாவைப் பற்றிய பிழைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்திலிருந்தே கிளைக்கின்றன.

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் சின்னம்மா, தான் அங்கே வழக்கமாக வாங்கும் பட்டைத் துண்டொன்றை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் எடுத்து வைத்தார். அது செம்பழுப்பு நிறமும் விறகுபோன்ற தடிப்பும் கொண்டு, இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்ட ஒற்றைப் பட்டையாக இருந்தது. அதனருகில் எங்கள் போத்தலிலிருந்து ஒரு கறுவாக் குச்சியை எடுத்து வைத்தேன். வெளிறிய மண்ணிறத்தில், கடதாசி போன்ற மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டுச் சுருட்டுப்போல இருந்த அது, இரண்டு விரல்களுக்கிடையில் நொறுங்கியது. சின்னம்மாவின் துண்டை உடைக்க அம்மியில் வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. அவர் கொண்டுவந்தது காசியா. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் விளையும் உறவின மரங்களின் பட்டை. முழுப் பட்டையில் இவ்வளவு எளிதாகத் தெரியும் வேறுபாடு, தூளாக்கியபின் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது.

வேறுபாட்டை அறியாமல் சமைப்பதால் பெரிய கேடொன்றும் வராது. புரியாணியில் காரமும் மணமும் சற்று மாறும், அவ்வளவே. மருந்தென்று எண்ணி நாள்தோறும் உண்பதுதான் பிழையாகிறது. காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். கூமரின் அளவு மீறினால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படலாம் என்பதால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமையே பாதுகாப்பான எல்லையாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை வகுத்துள்ளது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதைச் சமையலறைக் கணக்காக மாற்றியது: 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம் காசியா, 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரைக் கிராம். ஒரு தேக்கரண்டித் தூளே இரண்டு கிராமைத் தாண்டிவிடும் என்பதை, விடியற்காலையில் தேனோடு கலந்து குடிப்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சீனி வருத்தத்துக்குக் கறுவா மருந்து என்ற பேச்சு கொழும்பிலும் பலமாகக் கேட்கிறது. 2003இல் பாகிஸ்தானில் 60 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், 40 நாட்களில் இரத்தச் சீனி குறைந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. அதிலிருந்தே இந்தப் பேச்சு உலகெங்கும் பரவியது. அங்கே கொடுக்கப்பட்டது காசியா என்பது மட்டும் விளம்பரங்களில் உதிர்ந்துபோனது. காசியாவை வைத்துப் பெற்ற முடிவைக் காட்டி இலங்கைக் கறுவாவை விற்பதும், இலங்கைக் கறுவாவின் பாதுகாப்பைக் காட்டிக் காசியாவை விற்பதும் ஒரே கடையில் நடக்கின்றன! பின்னர் 2012இல் 577 பேரை உள்ளடக்கிய பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, நீரிழிவுக்குக் கறுவாவைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. ஆகவே, வைத்தியர் எழுதித் தந்த குளிசையைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் கறுவாத் தண்ணீரை வைப்பது ஆபத்தான பிழை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் கறுவா வில்லைகளைத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்டாக வேண்டும். கறிக்குப் போடும் ஓர் அங்குலத் துண்டுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

வரலாற்றிலும் ஒரு பிழை வழங்கிவருகிறது. கறுவா இங்கே ஆதியிலிருந்தே தோட்டப் பயிராக இருந்ததென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல நூற்றாண்டுகளாக அது காட்டுமரம். 1344இல் புத்தளப் பக்கம் கரையிறங்கிய மொரோக்கோப் பயணி இபின் பதூதா, வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரை முழுவதும் கிடந்ததையும், மலபாரிலிருந்தும் மாபாரிலிருந்தும் (தமிழகத்தின் கிழக்குக் கரை) வந்தவர்கள் யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்திக்குத் துணிமணிகளைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு அவற்றை ஏற்றிச்சென்றதையும் எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயரும் அவர்களிடமிருந்து 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் நெடுங்காலம், பட்டை உரிப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட சலாகம மக்களைக் காட்டுக்கு அனுப்பியே பட்டை உரித்தார்கள். நட்டு வளர்த்தால் தரம் கெடும் என்ற நம்பிக்கையைத் தள்ளிவிட்டு, ஒல்லாந்த ஆளுநர் ஃபல்க் காலத்தில், 1760களின் இறுதியில்தான் மருதானைப் பக்கத்தில் தோட்டம் எழுந்தது. கறுவாத் தோட்டம் என்ற பெயர் அவ்வழி வந்தது.

தூளாக வாங்குவதையே நான் முற்றாகத் தவிர்ப்பேன். 2023இல் அமெரிக்காவில் குழந்தைகள் உண்ட அப்பிள் கூழில் ஈயம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதில் சேர்த்த கறுவாத் தூளே அதற்குக் காரணம். பட்டை இலங்கையிலிருந்து போனது என்றதும் இங்கே பலர் பதறினார்கள். குச்சிகளைச் சோதித்தபோது அவற்றில் ஈயம் இல்லை. எக்குவடோரில் அரைத்த இடத்திலேயே அது கலந்திருக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தெரிவித்தது. நிறமும் எடையும் கூட்டுவதற்குத் தூளைப்போல வசதியான பண்டம் வேறில்லை.

இதற்கு நேரெதிரான பிழை, விலை கூடியதே நல்லதென்று எண்ணி ‘அல்பா’ தரக் குச்சியைக் கறிக்கு வாங்குவது. தரம் பிரிப்பதில் குச்சியின் பருமனும் தோற்றமுமே முதலில் பார்க்கப்படுகின்றன. அல்பாவின் குறுக்களவு 6 மில்லிமீற்றருக்கு மேற்படாது. சரக்குத்தூள் இடிப்பதற்குப் புறக்கோட்டையில் கிடைக்கும் உடைந்த குச்சித் துண்டுகளே போதும். அவையும் அதே உட்பட்டைதான். மேற்பட்டையோடு சேர்ந்த சீவல்களை மட்டும் விலக்கிவிடுங்கள். கறுவா இலை எண்ணெயையும் பட்டை எண்ணெயையும் ஒன்றென்று எண்ணக் கூடாது: இலையில் மிகுந்திருப்பது கராம்பில் உள்ள யூஜினோல், பட்டையில் சினமால்டிஹைட். இரண்டையும் கலப்பில்லாமல் ஈறிலோ தோலிலோ தடவினால் எரிந்து புண்ணாகும்.

கொழும்பின் ஈரக்காற்றில் பொலித்தீன் பையைப் பாதி திறந்தபடி அடுப்புக்கு மேற்தட்டில் வைத்தால், சில வாரங்களில் மணம் போய்ப் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமான கண்ணாடிப் போத்தலில், வெளிச்சமும் சூடும் படாத இடத்தில், குச்சியாகவே வைத்திருந்து வேண்டியபோது இடித்துக்கொள்வது நல்லது. தாளிக்கும்போது எண்ணெய் புகையுமுன் துண்டைப் போட்டுவிடுங்கள். கருகிய கறுவா கறி முழுவதையும் கசக்கவைத்துவிடும்.