மச்சுக்கு மேலே நான்கு இஞ்சு பஞ்சு: ஓட்டு வீட்டில் சூடு தடுக்கும் வேலை

பங்குனி மாதம், இரவு ஒன்பது மணி. ஃபேனை நிறுத்திவிட்டு (மறக்காமல் நிறுத்திவிட்டு) கட்டில்மேல் ஏறி நின்று, மச்சுப் பலகையில் உள்ளங்கையை வையுங்கள். சூரியன் இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் பலகை வெதுவெதுப்பாக இருந்தால், மச்சுக்கு மேல் பஞ்சு பரப்பிச் சூட்டைத் தடுக்கும் இந்த வேலை உங்கள் வீட்டுக்குத்தான். தக்கலைப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் அப்படித்தான் இருந்தது. ஃபேனைச் சுழல விட்டால் அந்தச் சூட்டைத்தான் வாரி நம் தலையில் கொட்டும்.

மேலே ஓடு, கீழே பலகை மச்சு, நடுவில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம். இப்படி அமைந்த வீட்டுக்கான முறை இது. வார்ப்பு (கான்கிரீட்) வீட்டில் அந்த இடைவெளியே கிடையாது. மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடிப்பதோ வெள்ளை ஓடு பதிப்பதோதான் அங்கே வழி. தகர ஷீட் கூரை என்றால் ஷீட்டுக்கு அடியில் ஃபாயில் விரிப்பு. அவை வேறு கதை.

வெளிநாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், கூரைக்கு அடியில் பஞ்சை ஊதி நிரப்ப ஒரு மெஷினே இருக்கிறது. பழைய செய்தித்தாளை அரைத்து, தீயும் பூச்சியும் சட்டென்று பிடிக்காமலிருக்க போரான் உப்பு கலந்து மூட்டையாக விற்பார்கள். ஒருவர் கீழே நின்று மூட்டையை உடைத்து மெஷினில் போட, இன்னொருவர் மேலே குழாயைப் பிடித்துக்கொண்டு பனி பெய்தது போலப் பரப்புவார். நான் தேடியவரை நாகர்கோவில் வட்டாரத்தில் அந்த மெஷின் வாடகைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் காகிதப் பஞ்சைப் போட யோசித்திருப்பேன். நமக்கு எடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஓர் ஓடு உடைந்தால் போதும், காகிதம் தண்ணீரை உறிஞ்சி அப்படியே அமுங்கிவிடும்.

உள்ளூர்ச் சரக்கைப் போடலாமே என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கதம்பல் (தேங்காய் மட்டை) அடிக்கிற இடத்தில் தூள் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, உமி இருக்கிறது, சும்மாவே கிடைக்கும் என்றார்கள். கதம்பல் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் செடித்தொட்டிக்கு அது அருமை, மச்சுக்கு ஆகாது. உமி காய்ந்து கிடக்கும்போது ஒரு வயர் பொறி தட்டினால், சுடர் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு போகும். மரமும் ஓடுமாக இருக்கிற வீட்டில் அந்தப் பயத்தோடு தூங்க முடியாது.

நான் போட்டது ராக் வூல், கல்லை உருக்கி நூலாக்கிய பஞ்சு. ரோலாகவும் வரும், மூட்டையில் உதிரியாகவும் வரும். உதிரியாகக் கேளுங்கள். எரியாது, கறையானுக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. மெஷின் செய்கிற வேலையைக் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு கனம் போடுவது? கணக்கு எளிது. பொருளின் கனத்தை மீட்டரில் எடுத்து, அது வெப்பத்தைக் கடத்தும் அளவால் வகுத்தால் தடுப்பு மதிப்பு கிடைக்கும். ராக் வூலுக்கு அந்த அளவு சுமார் 0.04. நான்கு இஞ்சு என்பது 0.1 மீட்டர், ஆக 2.5. இரண்டு செ.மீ. மச்சுப் பலகையின் மதிப்பு 0.13 அளவில்தான் வரும். அதாவது நான்கு இஞ்சுப் பஞ்சு ஏறக்குறைய பத்தொன்பது பலகையை அடுக்கியதற்குச் சமம். எட்டு இஞ்சு போட்டால் இரட்டிப்புதானே என்று கேட்கலாம். மதிப்பு இரட்டிக்கும், ஆனால் முதல் நான்கு இஞ்சே பெரும்பங்கைத் தடுத்துவிட, அடுத்த நான்கு மிச்சத்தில் பாதியைத்தான் தடுக்கும். அமெரிக்காவின் மிகச் சூடான பகுதிகளுக்கு அங்கே சொல்லும் ஆர்-30 (அது அவர்கள் அலகு, நம் கணக்கில் சுமார் 5.3) அளவுக்கு நம் பஞ்சு எட்டு இஞ்சுக்கு மேல் தேவை. அவர்கள் வீட்டை அடைத்து ஏசி ஓட்டுகிறார்கள். ஜன்னலைத் திறந்துவைத்து ஃபேனில் படுக்கிற நமக்கு நான்கு போதும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் ஏறக்குறைய 11 சதுர மீட்டர். உத்திரங்கள் அடைக்கும் இடம் போக ஒரு கன மீட்டர் பஞ்சு. கன மீட்டருக்கு 50 கிலோ என்று வைத்தால் ஐம்பது கிலோ. பரவிக் கிடப்பதால் மச்சுக்கு அது பாரமே இல்லை. மூட்டையில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதைக் கொண்டு கணக்கிடுங்கள்.

பஞ்சுக்கு முன்னால் முகப்பு

இனி என் முட்டாள்தனம். சில வருடங்களுக்கு முன் மச்சுக்கு மேல் மரநாய் குடியேறியது. ராத்திரி முழுக்க ஆள் நடப்பது போல டொக் டொக். எரிச்சலில் கூரையின் இரண்டு முனையிலும் உள்ள முக்கோண முகப்பில் ப்ளைவுட் அடித்துவிட்டேன். மரநாய் போய்விட்டது. அடுத்த கோடையில்தான் வீடு அடுப்பானது. வெயிலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு கோடையை ஓட்டினேன். இந்த வேலைக்கு வந்த ஆசாரி மேலே பார்த்துவிட்டு, "தம்பி, மூக்கைப் பொத்திட்டு வேர்க்குதுன்னு சொன்னா எப்படி?" என்றார்.

அந்த முகப்பு அழகுக்கு வைத்தது மட்டுமல்ல. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் தரையையே பார்த்துவிட்டு வருவார்கள். அடுத்த முறை கூரையின் முக்கோண முகப்புகளை அண்ணாந்து பாருங்கள். சட்டத்துக்கு நடுவே இடைவெளி விட்ட மர வேலை. ஓட்டில் ஏறும் சூடு உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்க, அது மேலே எழும்பி முகப்பு வழியாக வெளியேறும். இறவாணத்து (கூரையின் தாழ்ந்த ஓரம்) பக்கமிருந்து புதுக் காற்று உள்ளே வரும். இதை அடைத்துவிட்டுப் பஞ்சு போட்டால், பஞ்சு சூட்டைத் தாமதப்படுத்துமே ஒழிய சூடு போக வழியிருக்காது. ராத்திரி மெல்ல மெல்ல கீழேதான் இறங்கும்.

ஆகவே முதல் வேலை: முகப்பைத் திறந்து, அரை இஞ்சுக் கண்ணுள்ள வெல்ட்மெஷ் அடியுங்கள். மரநாய், அணில் எதுவும் நுழையாது, காற்று நுழையும். கொசுவலை அடிக்காதீர்கள், ஒரே வருடத்தில் தூசி அடைத்து ப்ளைவுட் மாதிரி ஆகிவிடும். மச்சுப் பரப்பில் 150 சதுர அடிக்கு ஒரு சதுர அடி காற்று வழி என்பது அமெரிக்காவில் பின்பற்றும் கணக்கு. மேலே பாதி, கீழே பாதி. நம் பழைய முகப்பு அளந்து பார்த்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

மழை, வயர்

தை, மாசிதான் இந்த வேலைக்கு மாதம். அதற்கு முந்தைய ஐப்பசி மழையிலேயே டார்ச்சோடு மேலே ஏறி, கழுக்கோலில் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) எங்கே நீர்த் தடம் தெரிகிறது என்று சாக்பீஸால் குறித்து வையுங்கள். மழை விட்டதும் விரிசல் விட்ட ஓடுகளை மாற்றுங்கள். நனைந்த பஞ்சு தடுக்காது, பலகையையும் மக்க வைக்கும்.

பழைய வீட்டில் மரக் கேசிங்கில் துணி சுற்றிய வயர் ஓடிக்கொண்டிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, குழாய்க்குள் புது வயர் இழுத்த பிறகுதான் அடுத்த வேலை. பஞ்சுக்குள் புதைந்த வயருக்குச் சூடு ஆற இடமில்லை. மச்சில் பதித்த விளக்குகளின் பின்பக்கத்தைச் சுற்றி மூன்று இஞ்சு விட்டு ஒரு தகரப் பெட்டி வையுங்கள். அடுக்களைப் புகைக்கூண்டு மேலே போகிற இடத்திலும் அதே இடைவெளி விடுங்கள்.

பிளாஸ்டிக் வேண்டாம்

பலகைச் சந்து வழியாகத் தூசி விழாமலிருக்க தார்ப்பாய் விரித்துவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். நமது ஈரக்காற்றில் அது ஆபத்து. ஐஸ் தண்ணீர் பாட்டிலின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஏசி ஓடினால் பலகைதான் பாட்டில். மேலே இருக்கும் ஈரக்காற்று பஞ்சுக்குள் இறங்கி பிளாஸ்டிக்கில் முட்டி, அங்கேயே நீராகும். அடியில் நடப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. சந்துகளை மெல்லிய ரீப்பரும் அக்ரிலிக் சீலன்ட்டும் வைத்து அடைத்துவிட்டு, மூச்சு விடுகிற நான்-வோவன் துணியை விரியுங்கள். அது போதும்.

பரப்பும் நாள்

காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் ஓட்டுக்கடியில் இருந்தால் தலை சுற்றும், சும்மா சொல்லவில்லை. கீழே ஓர் ஆள் கட்டாயம் இருக்கட்டும். மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கட்டும். என்-95 மாஸ்க், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு. பஞ்சு நூல் பட்டால் தோல் ஊறும். அந்தத் துணியை மற்ற துணியோடு துவைக்காதீர்கள். நான் துவைத்தேன், வீடே இரண்டு நாள் சொறிந்தது.

பலகைமேல் காலை வைக்காதீர்கள். இரண்டு உத்திரங்களுக்குக் குறுக்கே தடிப்பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு நகருங்கள்.

பஞ்சை எடுப்பதற்கு முன் இரண்டு சின்ன வேலை. உத்திரங்களின் பக்கவாட்டில் ஆறடிக்கு ஒன்றாக, நான்கு இஞ்சில் கோடு போட்ட குச்சிகளை ஆணியடித்து நிறுத்துங்கள். இறவாணத்து ஓரம் முழுக்க, பஞ்சு போய்க் காற்று வழியை அடைக்காதபடி பிவிசி ஷீட் துண்டுகளைச் சாய்வாக நிறுத்தி, ஓட்டுக்கும் அதற்கும் இரண்டு இஞ்சு விடுங்கள்.

மூட்டையில் பஞ்சு கட்டி கட்டியாக இறுகியிருக்கும். அப்படியே கொட்டினால் கட்டிகளுக்கு நடுவே பொந்து விழும். சூடு அந்தப் பொந்து வழியாக இறங்கும். ஒரு பெரிய பக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இலவம்பஞ்சைப் பிரிப்பது போல விரலால் பிரித்து உதிருங்கள். இந்த ஒரு வேலைதான் நேரம் தின்னும். முகப்பின் தூர மூலையில் தொடங்கி, ஏறுகிற துவாரத்தை நோக்கிப் பின்வாங்கியபடியே கோடு வரை தூவுங்கள். சமமாக்குகிறேன் என்று அமுக்காதீர்கள். பஞ்சுக்குள் சிக்கிய காற்றுதான் சூட்டைத் தடுப்பது. ஜங்ஷன் பாக்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி மேலே தெரியும்படி விடுங்கள்.

கடைசியில் ஏறுகிற துவாரத்தின் மூடியை மறக்காதீர்கள். பஞ்சுத் துண்டு ஒன்றைத் துணியில் தைத்து அதன் முதுகில் ஒட்டுங்கள். நான் விட்டுவிட்டேன், அந்த ஒன்றரை அடிச் சதுரம் மட்டும் இப்போதும் இரவில் தொட்டால் சுடுகிறது, மற்ற பலகை எல்லாம் அறைச் சூட்டில்தான் இருக்கிறது.

எடவப்பாதியின் முதல் பெருமழை விட்ட மறுநாள் காலை ஒருமுறை ஏறிப் பாருங்கள். நனைந்து நிறம் மாறிய இடம் தெரிந்தால், அந்தப் பஞ்சை அள்ளி வெளியே போட்டுவிட்டு, நேர் மேலே உடைந்த ஓடு எது என்று தேடுங்கள்.